மதுரங்குளியில் ஓர் அரியம்: பிள்ளைகளுக்குச் சொன்ன இராமன் கதை

நான் விஞ்ஞானம் படிப்பிக்கிறவன். மதுரங்குளியில் படிப்பிக்கத் தொடங்கிய முதல் பதினொரு வருடமும் கரும்பலகையில் ஒரு முக்கோணத்தை வரைந்து, இடப்பக்கத்தால் ஒரு கோட்டை நுழைத்து, வலப்பக்கத்தால் ஏழு கோடுகளை இழுத்து, இதுதான் அரியம் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். தமிழ்நாட்டுப் புத்தகங்களில் இதை முப்பட்டகம் என்பார்கள். பிள்ளைகள் படத்தை அப்படியே கொப்பியில் கீறினார்கள், சோதனையில் புள்ளியும் எடுத்தார்கள். அவர்களில் ஒருவர்கூட ஓர் அரியத்தைக் கையில் பிடித்ததில்லை.

நான் பிடித்திருக்கிறேன், ஒரேயொரு தடவை. 1990ஆம் ஆண்டின் தொடக்கத்தில், மன்னாரில், பாடசாலை ஆய்வுகூடத்தில். ஜன்னல் இடுக்கால் வந்த வெயிலில் ஆசிரியர் கண்ணாடித் துண்டைத் திருப்பிப் பிடித்தபோது நிறங்கள் என் வெள்ளைச் சட்டையில் விழுந்தன. அடுத்த கிழமையும் பார்க்கலாம் என்றுதான் நினைத்தேன். அந்த ஆண்டு ஜூனில் சண்டை மீண்டும் தொடங்கியது. ஒக்டோபர் இறுதியில் ஊரைவிட்டுப் போகும்படி ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். வாப்பா, உம்மா, பிள்ளைகள் எல்லோருமாக வள்ளத்தில் கற்பிட்டிக்கு வந்து இறங்கியபோது எங்களிடம் இருந்தவை உடுத்த உடுப்பும் இரண்டு பைகளும்தான். பிறகு கிடுகுக் கொட்டில், முகாம் பாடசாலை. அதைப்பற்றி இந்தத் தளத்தில் பலர் எழுதிவிட்டார்கள். நான் கண்ணாடித் துண்டின் கதைக்கு வருகிறேன்.

யுத்தம் முடிந்து சில வருடங்களின் பின், புத்தளம் நகரில் பழைய சாமான் விற்கும் ஒருவரிடம் ஒரு கண் உடைந்த பைனாகுலர் கிடந்தது. யுத்த காலத்தில் எங்களைப் போன்றவர்கள் வீட்டில் வைத்திருக்கக்கூடாத சாமான் அது. சோதனைச்சாவடியில் அதற்கு விளக்கம் சொல்லி மாளாது. கையில் எடுத்துப் பார்ப்பதற்கே எனக்குப் பழைய பயம் வந்தது. வாங்கிவந்து பிரித்தேன். ஒவ்வொரு குழாய்க்குள்ளும் இரண்டிரண்டாக நான்கு அரியங்கள். ஒன்று மூலை உடைந்திருந்தது. மூன்று நல்லவை.

பைனாகுலருக்குள் அவை நிறம் பிரிப்பதற்காக இருப்பதில்லை, ஒளியைத் திருப்புவதற்காக இருக்கின்றன. கண்ணாடிக்குள் போன கதிர் வெளியேற வேண்டிய முகத்தில் 45 பாகையில் மோதுகிறது. சாதாரணக் கண்ணாடிக்கு ஏறத்தாழ 41 பாகையைத் தாண்டினாலே ஒளி வெளியே போக முடியாமல் முழுதாக உள்ளே திரும்பிவிடும். முழுவுட்தெறிப்பு என்று புத்தகத்தில் படிப்பது இதைத்தான். முகம் பார்க்கும் கண்ணாடியின் இரசப்பூச்சு இல்லாமலே ஒளி முழுவதும் திரும்புகிறது. அதே அரியத்தின் 45 பாகை மூலையால் வெயிலை நுழைத்தால் கதை வேறு. ஒளி கண்ணாடிக்குள் வேகம் குறைகிறது. தார் வீதியிலிருந்து மணலுக்குள் சரிவாக இறங்கும் மாட்டுவண்டி, முதலில் மணலில் புதையும் சில்லின் பக்கம் திரும்புமே, அப்படித் திரும்புகிறது. ஊதா சிவப்பைவிடச் சற்றுக் கூடுதலாக வேகம் குறைகிறது, ஆகவே கூடுதலாகத் திரும்புகிறது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் ஏறத்தாழ ஒரு பாகை மட்டும்தான். மூன்று மீற்றர் தள்ளியிருந்த வகுப்பறைச் சுவரில் அது நாலைந்து சென்ரிமீற்றர் விலகலாக விரிந்தபோது பிள்ளைகள் போட்ட சத்தத்தில் பக்கத்து வகுப்பு ஆசிரியை எட்டிப்பார்த்தார்.

அன்றைக்கு ஒரு மாணவி கேட்ட கேள்வியால்தான் இந்தக் கட்டுரை. வெயிலுக்குள் எல்லா நிறமும் இருக்குமானால், உடப்புப் பக்கம் கடல் ஏன் நீலமாக இருக்கிறது, எங்கள் களப்பு ஏன் அப்படி இல்லை என்று கேட்டாள். வானத்தின் நிறம் தண்ணீரில் தெறிக்கிறது என்று வழக்கமான பதிலைச் சொன்னேன். அப்படியென்றால் களப்புக்கு மேலேயும் அதே வானம்தானே சேர் என்றாள். நான் மணி அடிக்கும்வரை வேறு ஏதோ சொல்லிச் சமாளித்தேன்.

அவள் கேட்ட கேள்வியைக் கிட்டத்தட்ட அதே விதமாக 1921இல் கேட்டவர் ஒரு தமிழர். எங்கள் பாடப்புத்தகங்களில் அவருக்கு ஒரு வரிக்கு மேல் இடம் கிடைப்பது அரிது. அடுத்த சில மாலைகளில் அந்தப் பிள்ளைகளுக்கு நான் சொன்னது சந்திரசேகர வெங்கட இராமனின் வாழ்க்கையை. அதை மூன்று அரியங்களை வைத்துச் சொல்லலாம் என்று சொல்லத் தொடங்கிய பிறகுதான் எனக்கே விளங்கியது.

இராமன் 1888 நவம்பர் 7ஆம் திகதி திருச்சிராப்பள்ளியை அடுத்த திருவானைக்காவலில் பிறந்தார். தந்தை சந்திரசேகர ஐயர் ஆசிரியர், தாய் பார்வதி அம்மாள். தந்தைக்கு விசாகப்பட்டினத்துக் கல்லூரி ஒன்றில் வேலை கிடைக்கவே குடும்பம் அங்கே போனது. பையன் 11 வயதிலேயே மெற்றிக்குலேசன் தேறி, 14 வயதில் சென்னை மாநிலக் கல்லூரிக்கு வந்துவிட்டார். உருவத்தில் சிறியவர். வகுப்பு மாறி வந்துவிட்டானோ என்று பேராசிரியர் ஒருவர் சந்தேகப்பட்டாராம்.

முதலாவது அரியம் அந்தக் கல்லூரியில் இருந்தது. திருசியமானியில் அரியத்தை வைத்து அதன் கோணத்தை அளப்பது இன்றைக்கும் உயர்தர மாணவர்கள் செய்கிற செய்முறை. முகங்களில் தெறிக்கும் ஒளியைத் தொலைகாட்டியால் பிடித்து, இரண்டு வாசிப்புகளைக் குறித்து, கழித்து, பாதியாக்கினால் வேலை முடிந்தது. இராமனுக்கு அது முடியவில்லை. ஒளி அரியத்தின் முகத்தை மிகச் சரிவாக உரசிக்கொண்டு தெறிக்கும்போது, பிம்பத்தின் இரு பக்கமும் மெல்லிய பட்டிகள் தெரிந்தன. அவை இரு பக்கமும் ஒரே மாதிரி இல்லை. கோணல் பட்டிகள் எல்லோருக்கும் தெரிந்தவைதான், ஆனால் புத்தகம் அவற்றைச் சமச்சீராகத்தான் வரைந்திருந்தது. எத்தனையோ மாணவர்கள் அதே கருவியில் அதே பட்டிகளைக் கண்டு, கருவியில் ஏதோ பிழை என்று விட்டிருப்பார்கள். இவர் அளந்தார், கணக்குப் பார்த்தார், எழுதினார். பேராசிரியரிடம் கொடுத்த கட்டுரைக்கு மாதக்கணக்கில் பதில் வராமல்போகவே, தானே இலண்டன் பிலோசொபிக்கல் மகசீனுக்கு அனுப்பினார். 1906 நவம்பரில் அச்சானது. அப்போது வயது 18.

இவ்வளவு கெட்டிக்காரன் அடுத்து இங்கிலாந்துக்குத்தான் போயிருக்க வேண்டும். பரிசோதித்த வைத்தியர், அந்தக் குளிரை இந்த உடம்பு தாங்காது என்று எழுதிவிட்டார். விஞ்ஞானத்துக்கு உள்நாட்டில் சம்பளம் கொடுக்க ஆளில்லை. ஆகவே இராமன் நிதிச் சேவைப் பரீட்சை எழுதி, முதலாவதாகத் தேறி, 1907இல் கல்கத்தாவில் கணக்கு அதிகாரியானார். அந்த வருடம்தான் லோகசுந்தரி அம்மாளைத் திருமணம் செய்ததும்.

ஒருநாள் ட்ராமில் போகும்போது 210, பௌபஜார் தெருவில் ஒரு பெயர்ப்பலகையைக் கண்டார். விஞ்ஞான வளர்ச்சிக்கான இந்தியச் சங்கம். 1876இல் மகேந்திரலால் சர்க்கார் என்ற வைத்தியர் நன்கொடை சேர்த்துத் தொடங்கியது. ஆய்வுகூடம் இருந்தது, ஆய்வு செய்ய ஆள் இல்லை. அன்று தொடங்கிப் பத்து வருடம், விடியப்புறம் அங்கே, பிறகு கந்தோர், கந்தோர் முடிந்து இரவுவரை மீண்டும் அங்கே. இடையில் இரங்கூனுக்கும் நாக்பூருக்கும் இடமாற்றம் வந்தது. அங்கும் வீட்டில் ஏதாவது வைத்துச் செய்துகொண்டிருந்தாராம். 1917இல் கல்கத்தாப் பல்கலைக்கழகம் பேராசிரியர் பதவி கொடுத்தபோது அரசாங்கச் சம்பளத்தில் பாதியளவுக்குச் சம்மதித்துப் போனார். வெளிநாட்டில் பயிற்சி பெற்றிருக்க வேண்டும் என்று அந்தப் பதவிக்கு ஒரு நிபந்தனை இருந்தது. அதற்காகப் போகமாட்டேன் என்றார். அவர்கள்தான் விட்டுக்கொடுத்தார்கள்.

அவர் முதன்முதலில் கடல் கடந்து ஐரோப்பா போனது 1921இல், ஒக்ஸ்போர்ட்டில் நடந்த பல்கலைக்கழக மாநாட்டுக்கு. எங்கள் கதைக்கு வேண்டியது செப்டெம்பரில் நார்குண்டா என்ற கப்பலில் அவர் திரும்பிவந்த பயணம். மத்தியதரைக் கடலின் நீலம் அவரைப் பிடித்துக்கொண்டது. அந்த நீலத்துக்கு விளக்கம் ஏற்கெனவே இருந்தது. வானம் ஏன் நீலம் என்று உலகத்துக்குக் கணக்கால் காட்டிய ரேலி பிரபுவே, ஆழ்கடலின் நீலம் வானத்தின் தெறிப்புத்தான் என்று எழுதிவைத்துவிட்டுப் போயிருந்தார். நான் வகுப்பில் சொன்ன பதில்தான் அது. நோபல் பரிசு பெற்ற மனிதர் சொன்ன பதிலை நானும் சொல்லியிருக்கிறேன் என்று கொஞ்சம் ஆறுதல்பட்டுக்கொண்டேன்.

இராமனின் கையில் இரண்டாவது அரியம் இருந்தது. இது கண்ணாடி அல்ல, கல்சைற்றுப் பளிங்கு. 1828இல் எடின்பரோவில் வில்லியம் நிக்கல் என்பவர் கண்ட முறைப்படி, பளிங்கைக் குறுக்கே வெட்டி, கனடா பால்சம் என்ற பிசினால் மீண்டும் ஒட்டிச் செய்வது. கல்சைற்று தனக்குள் வரும் ஒளியை நிறமாக அல்ல, இரண்டு அதிர்வுத் திசைகளாகப் பிரிக்கும். பிசின் படையில் ஒன்று முழுவுட்தெறிப்படைந்து பக்கத்தால் போய்விடும். மற்றது மட்டும் நேரே வரும். ஆக, ஒரே திசையில் அதிரும் ஒளியை மட்டும் கடத்துகிற ஒரு சிறிய கதவு அது.

தண்ணீரில் தெறிக்கும் ஒளிக்கு ஒரு பலவீனம் உண்டு. செங்குத்திலிருந்து ஏறத்தாழ 53 பாகையில் தெறிக்கும்போது அது முற்றாக ஒரே திசையில்தான் அதிரும். அந்தக் கோணத்தில் கடலைப் பார்த்து, நிக்கல் அரியத்தை உரிய அளவு சுழற்றினால் தெறித்துவந்த வானம் அணைந்துபோகும். ரேலி சொன்னது சரியென்றால் கடல் கறுத்திருக்க வேண்டும். இராமன் கப்பல் தளத்தில் நின்று பார்த்தார். கடல் கறுக்கவில்லை. மேலே கிடந்த மினுக்கம் போய், நீலம் முன்னையைவிட ஆழமாகத் தெரிந்தது. நீலம் தண்ணீருக்குள்ளிருந்தே வருகிறது, நீர் மூலக்கூறுகளே ஒளியைச் சிதறடிக்கின்றன என்று எழுதி, கப்பல் பம்பாய்த் துறைமுகத்தில் நிற்கும்போதே நேச்சர் சஞ்சிகைக்கு அனுப்பினார். நீர் சிவப்பை உறிஞ்சுவதற்கும் இந்த நீலத்தில் பெரிய பங்கு உண்டு என்பது பின்னர் உறுதியானது. அதையும் பிள்ளைகளுக்குச் சொன்னேன். கெட்டிக்காரர்கள் சொல்வதும் முழுவதாக முடிந்துவிடுவதில்லை.

கப்பலில் தொடங்கிய கேள்வி ஏழு வருடம் போனது. திரவங்கள் ஒளியை எப்படிச் சிதறடிக்கின்றன என்பதே கல்கத்தா ஆய்வுகூடத்தின் வேலையாயிற்று. 1923இலேயே இராமநாதன் என்ற மாணவர், சிதறிவந்த ஒளியில் நிறம் மாறிய ஒரு மிக மெல்லிய பகுதியைக் கண்டார். திரவத்தில் அழுக்கு இருக்கும் என்று நினைத்தார்கள். திரும்பத்திரும்பச் சுத்தப்படுத்தினார்கள். அது போகவில்லை. வெங்கடேஸ்வரன் என்ற இன்னொருவர் கிளிசரினில் அதைப் பச்சையாகக் கண்டார். 1928 ஜனவரியில் வத்திராயிருப்பைச் சேர்ந்த கே. எஸ். கிருஷ்ணனை இராமன் இந்த வேலையில் இறக்கினார். விருதுநகர்ப் பக்கத்து ஊர் அது.

மின்விளக்கின் ஒளி போதவில்லை. ஆகவே வெயில். 18 சென்ரிமீற்றர் அகலமான தொலைகாட்டி வில்லையால் சூரிய ஒளியைக் குவித்து, ஊதாக் கண்ணாடியால் வடித்து, திரவத்துக்குள் அனுப்பினார்கள். கண்ணுக்கு முன்னால் மஞ்சட்பச்சைக் கண்ணாடி. இரண்டு கண்ணாடிகளையும் ஒன்றாகச் சேர்த்துப் பிடித்தால் எதுவும் தெரியாது. ஒன்று விடுவதை மற்றது மறிக்கும். ஆனால் நடுவில் திரவம் இருந்தபோது ஒளி தெரிந்தது. அப்படியானால் திரவம் ஒளியின் நிறத்தை மாற்றியிருக்கிறது. அறுபது திரவங்கள்வரை பார்த்தார்கள். எல்லாவற்றிலும் இருந்தது.

மூன்றாவது அரியம் இப்போதுதான் வருகிறது. நேர்நோக்குத் திருசியகாட்டி, சட்டைப்பையில் வைக்கக்கூடிய குழாய். உள்ளே இரண்டு வகைக் கண்ணாடியால் ஆன அரியங்கள் தலைகீழாக மாறிமாறி ஒட்டப்பட்டிருக்கும். ஒன்று ஒளியை இந்தப் பக்கம் திருப்பினால் அடுத்தது மறுபக்கம் திருப்பி நேராக்கிவிடும். ஆனால் கண்ணாடி வகை வேறென்பதால் நிறப்பிரிவு மட்டும் மிஞ்சும். 1928 பெப்ரவரி 28ஆம் திகதி இராமன் அதைக் கண்ணில் வைத்துப் பார்த்தபோது, அனுப்பிய நிறம் ஓரிடத்தில் இருந்தது. பிறகு ஒரு கறுப்பு இடைவெளி. அதற்கப்பால் புதிய ஒளி தனியே நின்றது. வெறும் மங்கலான கசிவாக இருந்திருந்தால் இடைவெளி இருந்திராது. இரசவாவி விளக்குக்கு மாறியதும் அது கூர்மையான கோடுகளாகவே தெரிந்தது.

நடப்பது இதுதான். மூலக்கூறில் மோதும் ஒளியில் மிகப்பெரும் பகுதி வந்த நிறத்திலேயே திரும்பிப் போகிறது. கோடியில் ஒன்று என்ற அளவில் மட்டும், சோதனைச்சாவடியில் கையிலிருப்பதில் கொஞ்சத்தை விட்டுவிட்டுப் போகிறவனைப் போல, தன் சக்தியில் ஒரு பங்கை மூலக்கூறின் அதிர்வுக்குக் கொடுத்துவிட்டுச் சிவப்புப் பக்கமாக நகர்கிறது. எவ்வளவு கொடுக்கிறது என்பது மூலக்கூறுக்கு மூலக்கூறு வேறு. ஆகவே அரியத்தால் பிரித்துப் பார்த்தால் அது எந்தப் பொருள் என்று தெரிந்துவிடும். போத்தலைத் திறக்காமலே உள்ளே இருப்பது போலி மருந்தா, வெடிமருந்தா என்று சொல்லும் கைக்கருவிகள் இன்று இதனால்தான் வேலை செய்கின்றன.

சோவியத் நாட்டில் லாண்ட்ஸ்பெர்க்கும் மண்டல்ஷ்டாமும் அதே வாரங்களில் பளிங்குகளில் இதையே கண்டிருந்தார்கள். ஆனால் 1930இன் நோபல் பரிசு இராமனுக்கு மட்டும் போனது. விஞ்ஞானத்துக்காக அதைப் பெற்ற முதல் ஆசியர் அவர். அரங்கத்தில் தன் தலைக்கு மேல் பிரித்தானியக் கொடி தொங்கியதையும், சொந்தக் கொடி என்று ஒன்று இல்லாததை நினைத்துக் கலங்கியதையும் பின்னர் சொல்லியிருக்கிறார். கிருஷ்ணனின் பங்கு எவ்வளவு என்ற பேச்சு இன்றும் ஓயவில்லை. பெப்ரவரி 16ஆம் திகதி நேச்சருக்கு எழுதிய முதல் குறிப்பில் இருவர் பெயரும் இருக்கின்றன. என்னைக் கேட்டால், அந்த மேடையில் இரண்டு கதிரைகள் இருந்திருக்க வேண்டும்.

பிள்ளைகளுக்கு நான் சொல்லலாமா என்று யோசித்த இடங்கள் இதன்பின் இரண்டு. 1933இல் இராமன் பெங்களூரில் இந்திய விஞ்ஞான நிறுவனத்தின் முதல் இந்தியப் பணிப்பாளரானார். அந்த ஆண்டு பம்பாயில் சிறப்பாகத் தேறிய கமலா என்ற மாணவி ஆய்வுக்கு விண்ணப்பித்தபோது, பெண் என்பதற்காக மறுத்தார். அவர் விடாமல் போராடி, ஒரு வருடம் பரீட்சார்த்தமாக என்ற நிபந்தனையோடு நுழைந்தார். பின்னாளில் கேம்பிரிட்ஜில் கலாநிதிப் பட்டம் பெற்ற கமலா சோஹோனி அவர்தான். முதற்கேள்வி கேட்ட அந்த மாணவி இதைக் கேட்டு முகத்தைச் சுளித்தாள். சுளிக்கட்டும். எல்லோரும் விட்ட பட்டிகளைக் கண்ட கண்ணுக்கு இது தெரியாமல் போயிற்று.

மற்றது எங்கள் மாதிரி ஆட்களுக்கு நெருக்கமானது. அதே 1933இல் ஜேர்மனியில் யூதப் பேராசிரியர்களை வேலையிலிருந்து நீக்கினார்கள். கோட்டிங்கனில் இருந்த மக்ஸ் போர்ன் அவர்களில் ஒருவர். அகதியாக இங்கிலாந்தில் நின்ற அவரை இராமன் பெங்களூருக்கு அழைத்தார். 1935-36இல் ஏறத்தாழ ஆறு மாதம் அங்கே இருந்தார். அவருக்கு நிரந்தரப் பதவி கொடுக்க இராமன் முயன்றபோது, இங்கிலாந்திலிருந்து வந்திருந்த பேராசிரியர் ஒருவர் சபையில் எழும்பி, சொந்த நாட்டிலிருந்து துரத்தப்பட்ட இரண்டாந்தர ஆள் நமக்கு எதற்கு என்ற பொருளில் பேசினார். போர்ன் அங்கேயே உட்கார்ந்திருந்தார். பதவி கிடைக்கவில்லை. போர்ன் எடின்பரோவுக்குப் போனார், 1954இல் நோபல் பரிசு பெற்றார்.

இதைச் சொன்னபோது நான் சற்று நிறுத்தவேண்டியிருந்தது. முகாமிலிருந்து வந்த பிள்ளை என்று எங்களைத் தனி வாங்கில் இருத்திய ஒரு வகுப்பறை எனக்கு ஞாபகம் வந்தது. துரத்தப்பட்டவன் என்பதையே தகுதிக்குறைவாகச் சொல்லும் வழக்கம் எந்த ஊருக்கும் புதிதல்ல.

அந்த நிறுவனத்தில் இராமனுக்கும் நெருக்கடி வந்தது. 1937இல் பணிப்பாளர் பதவியை விட்டு, 1948வரை பேராசிரியராக மட்டும் இருந்தார். கையாளத் தெரியாதவர், பிடிவாதக்காரர், மற்றவர்களின் சொல்லைக் கேளாதவர் என்ற குற்றச்சாட்டுகளில் பொய் அதிகமில்லை. அழைத்துவந்த போர்னோடுகூடப் பிறகு பளிங்குகளின் அதிர்வு பற்றி வருடக்கணக்கில் சண்டைபிடித்தார். அதில் போர்ன் பக்கமே சரியாக இருந்தது. 1948க்குப் பிறகு சொந்தமாக ஆய்வு நிறுவனம் ஒன்றைக் கட்டி, வைரங்கள், சிப்பிகள், பூக்களின் நிறங்கள் என்று பார்த்துக்கொண்டேயிருந்தார். 1954இல் பாரத ரத்னா. 1970 நவம்பர் 21ஆம் திகதி அந்த நிறுவன வளவிலேயே காலமானார். நினைவுச்சின்னம் வேண்டாம், ஒரு மரம் போதும் என்று சொல்லியிருந்தார்.

மார்ச் மாதம் கடல் அடங்கியிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஐந்து பிள்ளைகளோடும் அவர்களின் உம்மாமார் இருவரோடும் உடப்புக்குப் போனேன். நிக்கல் அரியத்துக்கு நான் எங்கே போக? சாரதிகள் போடும் முனைவாக்கும் கறுப்புக்கண்ணாடி ஒன்றை இரவல் வாங்கியிருந்தேன். பாகைமானியில் நூல் கட்டிக் கோணம் பார்த்து, கண்ணாடியை நேராகவும் குறுக்காகவும் திருப்பித்திருப்பிக் கடலைப் பார்த்தார்கள். குறுக்கே பிடித்தால் தண்ணீர் பளபளத்தது. நேரே பிடித்தால் பளபளப்பு அணைந்து, கரைக்கு அப்பால் நீலம் தடித்தது. திரும்பும் வழியில் களப்போரத்தில் இறங்கி அதையே செய்தோம். பளபளப்புப் போனதும் நீலமும் கூடவே போய்விட்டது. கீழே சேறும் பாசியும் தெரிந்தன, ஒரு சின்ன நண்டும் தெரிந்தது.

அந்த மாணவி கொப்பியில் இரண்டு பத்தி போட்டு, உடப்பு, களப்பு என்று தலைப்பிட்டு, நேரத்தையும் கோணத்தையும் எழுதினாள். களப்பின் நேரே வானம் மட்டும் என்று எழுதிவிட்டு, பிறகு நண்டையும் சேர்த்துக்கொண்டாள்.